மூவாயிரம் வாட்டு!

காவிரி சிவசமுத்திரத்தில் விழும் இடத்தில் பிறந்த மின்சாரம், 1902-ஆம் ஆண்டு, ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியே வந்து கோலார் தங்கவயலின் இயந்திரங்களை ஓட்டியது. பெங்களூர் நகரத்துத் தெருக்கள் மின்விளக்கைக் கண்டது அதற்கு மூன்று ஆண்டு கழித்து, 1905-இல்தான். இந்தப் பெருமையைத் தங்கவயல்காரர் எவரும் சொல்லாமல் விடுவதில்லை, நானும் விடவில்லை. ஆனால் பெருமை பேசுகிற நாம் கேட்க மறந்த கேள்வி ஒன்றுண்டு. அத்தனை தொலைவு வந்த ஆற்றல், வழியிலேயே கம்பியைச் சூடாக்கிக் கரைந்துபோகாமல் எப்படி வந்து சேர்ந்தது?

விடை எளிது. அதை 35,000 வோல்ட்டு அழுத்தத்தில் அனுப்பினார்கள். அழுத்தம் ஏறினால், அதே ஆற்றலைக் கொண்டுசெல்ல வேண்டிய மின்னோட்டம் இறங்கும். கம்பியைச் சூடாக்குவதோ மின்னோட்டம். அது இருமடங்கானால் சூடு நான்கு மடங்காகும். 500 வாட்டு ஆற்றலை 35,000 வோல்ட்டில் அனுப்ப ஓர் ஆம்பியரில் எழுபதில் ஒரு பங்கு போதும். அதே 500 வாட்டை 12 வோல்ட்டில் அனுப்புவதானால்? 42 ஆம்பியர் வேண்டும்!

பன்னிரண்டு வோல்ட்டில் அவ்வளவு ஆற்றலை அனுப்பும் அறிவிலி யார் என்று கேட்காதீர்கள், நண்பர்களே. நம் ஊர் வண்டிகளில் நாள்தோறும் அனுப்புகிறார்கள். காரின் பின்புறத்தில் சப்வூஃபர் என்னும் பெரிய ஒலிப்பானைப் பெட்டியில் அடைத்து வைத்து, அதை அதிரச் செய்ய ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் மாட்டுகிறார்கள் அல்லவா? அந்த ஆம்ப்ளிஃபயரைத்தான் சொல்கிறேன். பெருக்கி என்று தமிழில் அழைப்போம். இந்தப் பெருக்கியை நம் இளைஞர்கள் தேர்ந்தெடுக்கும் முறை முற்றிலும் தலைகீழாக இருக்கிறது என்பது என் துணிபு. பெட்டி மேல் எழுதிய வாட்டு எண்ணை முதலில் பார்க்கிறார்கள். வண்டி எவ்வளவு மின்சாரம் தரும் என்பதைக் கடைசியில் பார்க்கிறார்கள். பலர் பார்ப்பதே இல்லை.

என் ஊர் பேத்தமங்களா. தங்கவயலுக்குத் தண்ணீர் கொடுத்த ஊர் என்றால் விளங்கும். பாலாற்று நீரை எங்கள் ஊரில் ஏரியாகத் தேக்கி, பம்பு வைத்து, குழாய் வழியே மேட்டில் இருந்த சுரங்க ஊர்களுக்கு ஏற்றினார்கள். அந்த ஏரிக்கரையில் வளர்ந்த எவனுக்கும் வண்டியின் மின்சாரத்தைப் புரியவைக்கப் பாடப்புத்தகம் தேவையில்லை. மெக்கானிக்குகள் இன்னும் டைனமோ என்றே சொல்லும் ஆல்டர்னேட்டர்தான் பாலாறு. பாட்டரிதான் ஏரி. கம்பிதான் குழாய். பெருக்கியோ, பம்பு. பாலாற்றில் நீர் வராத ஆண்டில், ஏரியில் எத்தனை குதிரைத்திறன் பம்பு வைத்தால் என்ன? ஏரி இன்னும் சீக்கிரம் வற்றும், அவ்வளவுதான். பெரிய பம்பு தண்ணீரை உண்டாக்குவதில்லை. பெரிய பெருக்கியும் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. எங்கள் ஊர் ஏரி வறண்டு கிடந்ததைக் கண்ணால் கண்டவர்களே இதை மறந்துவிடுவதுதான் வேடிக்கை.

என் மாமன் மகன் ஒருவன். வாடகைக்கு வேன் ஓட்டுகிறான். கலியாணம், காதுகுத்து, வேளாங்கண்ணிப் பயணம் என்று எதற்கும் அவன் வண்டி போகும். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு எங்கள் பகுதியில் பிழைப்புக்கு இரண்டு வழிகள்தாம் பெருவழிகளாயின. விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் போவது ஒன்று. கடன் வாங்கி வண்டி ஓட்டுவது மற்றொன்று. அவன் இரண்டாம் வழிக்காரன். வண்டியில் பாட்டு நன்றாயிருந்தால் வாடகை கூடுதலாக வரும் என்பது அவன் கணக்கு. அந்தக் கணக்கில் தவறில்லை. பெங்களூரில் ஒரு கடைக்குப் போய் இரண்டு சப்வூஃபரும் ஒரு பெருக்கியும் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தான்.

“மச்சான், மூவாயிரம் வாட்ஸ்! பெட்டி மேலேயே போட்டிருக்கான் பாரு!” என்றான்.

பார்த்தேன். பெட்டி மேலே போட்டுத்தான் இருந்தது. பெருக்கியைத் திருப்பி அதன் பக்கவாட்டில் இருந்த பியூசையும் பார்த்தேன். 30 ஆம்பியர் பியூஸ் ஒன்று. ஒன்றே ஒன்று!

நண்பர்களே, பௌதிகம் படிப்பவர்கள் மட்டுமல்லர், தமிழிலக்கியம் படிப்பவர்களும் இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். வண்டி ஓடும்போது அழுத்தம் ஏறக்குறைய 13.8 வோல்ட்டு. அதை 30 ஆம்பியரால் பெருக்கினால் 414 வாட்டு. பெருக்கிக்குள் போகக்கூடியது ஏறக்குறைய இதுதான். உள்ளே போனதெல்லாம் ஒலியாக வெளியே வராது. நல்ல பெருக்கியிலும் ஐந்தில் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். எஞ்சுவது 330 வாட்டு. பியூஸ் என்பது நொடிப்பொழுது மிகையோட்டத்தைப் பொறுத்துக்கொள்ளும். பாட்டும் ஒரே சீராக ஒலிப்பதில்லை. ஆகவே சற்று முன்பின் இருக்கலாம். அதற்காக 330 மூவாயிரம் ஆகிவிடுமா? உண்மையாகவே 3000 வாட்டு வெளிவர வேண்டுமானால் ஏறக்குறைய 270 ஆம்பியர் உள்ளே போக வேண்டும். சிறு வண்டிகளின் ஆல்டர்னேட்டர் பொதுவாக 50 முதல் 90 ஆம்பியர் தரும். அதிலும் முகப்பு விளக்கு, விசிறி, இயந்திரம் எல்லாம் தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகே நமக்கு மிச்சம். மூன்று வண்டியின் ஆல்டர்னேட்டர்களைப் பிடுங்கி வந்து ஒரே வண்டியில் மாட்டினாலும் அந்தப் பெட்டியின் வாக்கு நிறைவேறாது!

பிறகு ஏன் அப்படி எழுதுகிறார்கள்? எழுதினால் விற்கிறது, அதனால் எழுதுகிறார்கள். பெட்டியின் மேல் உள்ள மற்றச் செய்திகள் ஆங்கிலத்தில், அதுவும் கலைச்சொற்களில் இருக்கின்றன. எல்லோருக்கும் புரிவது எண் ஒன்றே. ஆகவே எண்ணிலே புளுகுகிறார்கள். ‘உச்ச ஆற்றல்’ என்பார்கள். கண் இமைக்கும் நேரம், அதுவும் கற்பனையில், எட்டக்கூடியதைக் கூட்டி இரட்டித்து அச்சிடுவார்கள். இது நம் நாட்டு நோய் மட்டுமன்று. அமெரிக்காவில் இந்த வாட்டுப் போட்டி தாங்காமல் 1974-இல் அரசு ஆணையமே விதி வகுத்தது. அந்த விதி வீட்டுக்குரிய பெருக்கிகளைப் பற்றியது. வண்டிப் பெருக்கிகள் அதில் அகப்படாமல் தப்பின. 2003-இல்தான் அங்குள்ள மின்னணுப் பொருள் உற்பத்தியாளர் சங்கம் ‘சி.இ.ஏ. 2006’ என்னும் அளவுமுறையை வெளியிட்டது. (2006 என்பது ஆண்டன்று, அளவுமுறையின் எண், 2003-இல் வந்ததற்கு 2006 என்று பெயர்!) இன்று அது ‘சி.டி.ஏ. 2006’ என்று வழங்குகிறது. 14.4 வோல்ட்டில், 4 ஓம் தடையில், ஒலித்திரிபு நூற்றுக்கு ஒன்றுக்கு மேற்போகாமல், தொடர்ந்து எத்தனை வாட்டு தருகிறது என்று அளந்து எழுத வேண்டும் என்பது அதன் சாரம். விரும்பினோர் பின்பற்றலாம்; கட்டாயமில்லை. ஒரு பெருக்கியில் இந்தக் குறி இருந்தால், அதன் 300 வாட்டு, குறியில்லாததன் மூவாயிரத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடும்.

குறி இல்லையென்றால் ‘ஆர்.எம்.எஸ்.’ என்ற எழுத்துக்களைத் தேடுங்கள். தொடர்ந்து தரும் ஆற்றலைக் கடைவழக்கில் அப்படிக் குறிக்கிறார்கள். வாட்டுக்கு ஆர்.எம்.எஸ். என்று அடைமொழி கொடுத்தால் எங்கள் பௌதிகப் பேராசிரியர் முகம் சுளிப்பார். வோல்ட்டுக்கே அது பொருந்தும் என்பார். அவர் சொல்வது சரி. ஆனால் கடைக்காரரிடம் போய் அதை வாதாடிக்கொண்டிருக்க முடியுமா? அந்தச் சொல்லையே கேளுங்கள். கேட்டுவிட்டு, நான் மேலே சொன்ன பியூஸ் கணக்கையும் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துவந்தால் நம்பலாம்.

மாமன் மகன் கதைக்கு வருகிறேன். மாட்டிய முதல் வாரமே, பாட்டின் தாளத்துக்கேற்ப முகப்பு விளக்கு மங்கி மங்கி எரிந்தது. அதையும் ஓர் அழகு என்று எண்ணினார்கள்! இரண்டாம் வாரம் ஒரு விடியற்காலை வண்டி கிளம்பவில்லை. பாட்டரி இறந்து கிடந்தது. மூன்றாம் வாரம் வழியில் தீய்ந்த நாற்றம் வந்தது. இருக்கைக்கு அடியில் போன கம்பியின் மேலுறை உருகி, வண்டியின் இரும்போடு ஒட்டும் நிலையில் இருந்தது. வண்டிக்குள் ஏழு பேர். அதில் இரண்டு குழந்தைகள். பாட்டரியிலிருந்து புறப்படும் இடத்தில் அந்தக் கம்பிக்குப் பியூசே வைக்கப்படவில்லை!

பெருக்கியில்தான் பியூஸ் இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்போர் உளர். பெருக்கியில் உள்ள பியூஸ் பெருக்கியைக் காக்கும். பாட்டரியிலிருந்து பெருக்கி வரை ஐந்து மீட்டர் ஓடுகிற கம்பியை யார் காப்பது? அது நடுவழியில் உரசித் தேய்ந்து இரும்பைத் தொட்டால், பாட்டரியின் முழு வலிமையும் அதன் வழியே பாயும். பெருக்கியின் பியூஸுக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே பாட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் கம்பிக்கென்று தனிப் பியூஸ் இருந்தே தீர வேண்டும். பெருக்கியின் விலையோடு ஒப்பிட்டால் இது காலணா. இதை மிச்சம் பிடிக்கிறவர் உங்கள் வண்டியில் கைவைக்கத் தகுதியற்றவர் என்று தயங்காமல் முடிவு கட்டலாம்.

கம்பியின் பருமனும் அப்படியே. 300, 350 வாட்டுப் பெருக்கிக்கு 30 ஆம்பியர் அளவில் ஓடும். 500 வாட்டுக்கு 45. அந்த 45 ஆம்பியர் 8 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியில் ஐந்து மீட்டர் ஓடினால் ஏறக்குறைய அரை வோல்ட்டு வழியிலேயே தொலைகிறது. 21 சதுர மில்லிமீட்டர்க் கம்பியில் கால் வோல்ட்டுக்கும் குறைவாகவே தொலைகிறது. கடையில் இவற்றை முறையே எட்டாம் கேஜ், நான்காம் கேஜ் என்பார்கள். எண் குறையக் குறையக் கம்பி பருக்கும். அரை வோல்ட்டு என்ன பெரிது என்று வீட்டு மின்சாரத்தில் கேட்கலாம். பன்னிரண்டே பன்னிரண்டு வைத்திருப்பவனிடம் கேட்கக் கூடாது. சிவசமுத்திரத்துக் கம்பிக்கும் நம் வேன் கம்பிக்கும் உள்ள வேறுபாடே இதுதான். இன்னொரு சூதும் உண்டு. மேலே தாமிரம் பூசி உள்ளே அலுமினியம் வைத்த கம்பியைத் தாமிரம் என்றே விற்கிறார்கள். அலுமினியத்தின் கடத்துதிறன் தாமிரத்தில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது தாமிரமன்று.

அடுத்தது ஓம். மந்திரமன்று, 1827-இல் தம் பெயரால் வழங்கும் விதியை வெளியிட்ட ஜெர்மானியர் ஓம் நினைவாக வந்த மின்தடை அலகு. பெருக்கிக்கும் சப்வூஃபருக்கும் பொருத்தம் பார்ப்பது இந்த ஓமில்தான். வாட்டுப் பொருத்தம் இருந்து ஓம் பொருத்தம் இல்லாவிட்டால் அந்த மணம் முறியும்! பல சப்வூஃபர்களில் இரண்டு கம்பிச்சுருள்கள் உள்ளன. நான்கு ஓம் சுருள் இரண்டை வரிசையாகத் தொடுத்தால் 8 ஓம்; பக்கவாட்டில் இணைத்தால் 2 ஓம். தடை குறையக் குறையப் பெருக்கியிலிருந்து மின்னோட்டம் மிகும், வாட்டும் மிகும், சூடும் மிகும். ஒவ்வொரு பெருக்கியும் இன்ன ஓமுக்குக் கீழே தாங்காது என்று அதன் ஏட்டிலேயே எழுதியிருக்கும். மாமன் மகனுடைய பெருக்கி தாங்கக்கூடியது 2 ஓம். கடையில் இரண்டு சப்வூஃபரின் நான்கு சுருளையும் பக்கவாட்டில் இணைத்து 1 ஓம் ஆக்கிவிட்டிருந்தார்கள். சத்தம் அதிகம் வரும் என்பதற்காக! ஆகவே முதலில் சப்வூஃபரைத் தேர்ந்து, அதன் சுருளை எப்படி இணைத்தால் எத்தனை ஓம் வரும் என்று கண்டு, அந்த ஓமில் வேண்டிய வாட்டைத் தரும் பெருக்கியைத் தேடுவதே முறை. ‘1 ஓமில் 1000 வாட்டு’ என்று விளம்பரம் செய்யும் பெருக்கி 4 ஓமில் முந்நூறு, நானூறுதான் தரும். நீங்கள் வைத்திருப்பது 4 ஓம் என்றால் அந்த ஆயிரத்துக்கும் உங்களுக்கும் உறவில்லை.

சரி, எத்தனை வாட்டு வேண்டும்? இங்கேதான் நம் செவி ஒரு நல்ல செய்தி வைத்திருக்கிறது. ஆற்றலை இருமடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும். செவிக்கு அது ஓரளவு வேறுபாடு, அவ்வளவே. ‘இருமடங்கு சத்தம்’ என்று செவி உணர ஆற்றல் ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். 300 வாட்டுக்கு மேல் இன்னொரு 300-க்குப் பணத்தைக் கொட்டுகிறவன் வாங்குவது அந்த 3 டெசிபெலைத்தான். மேலும், வண்டிக்குள் இருக்கிறோம் என்பதே ஒரு வரம். 40 அதிர்வெண் உள்ள ஒலியின் அலைநீளம் 8.6 மீட்டர், காரின் உட்புறமோ அதில் பாதிகூட இல்லை. அப்படி அடைபட்ட சிறு இடத்தில் தாழ்ந்த ஒலிகளின் அழுத்தம் இயல்பாகவே ஏறும். கலியாண மண்டபத்துக்கு வேண்டிய வாட்டு காருக்கு வேண்டியதில்லை. பத்து அல்லது பன்னிரண்டு அங்குலச் சப்வூஃபர் ஒன்று, அதற்கு 250 முதல் 350 வாட்டு ஆர்.எம்.எஸ். தரும் பெருக்கி ஒன்று. எங்கள் ஊர்ச் சிறு வண்டிகளுக்கு இதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

பெருக்கியின் வகையையும் கவனிக்க வேண்டும். ‘ஏபி’ வகை உள்ளே வாங்கும் மின்சாரத்தில் பாதியளவே ஒலியாக்கும். ‘டி’ வகை ஐந்தில் நான்கு பங்கும் அதற்கு மேலும் ஆக்கும். 500 வாட்டுக்கு ‘ஏபி’ வகை 66 ஆம்பியர் கேட்கும் இடத்தில் ‘டி’ வகை 45 கேட்கும். மேல்தள ஒலிகளுக்கு எது இனிமை என்ற வழக்கு இசைவாணர்களிடையே நடக்கட்டும்; சப்வூஃபருக்கு ‘டி’ வகையே என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஒரு தயக்கம் எழலாம். சப்வூஃபர் 300 வாட்டு தாங்கும் என்றால் பாதுகாப்பாக 150 வாட்டுப் பெருக்கி வாங்கிவிடலாமே என்று. ஒலியை அளவோடு வைப்பவனுக்கு அது போதும். நம்மவர் அளவோடு வைப்பதில்லையே! சிறிய பெருக்கியை அதன் எல்லைக்கு மேல் முடுக்கினால் அலையின் முகடு வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. ஒலி கரகரக்கும். சுருளுக்குள் போகும் ஆற்றலும் அந்த 150-ஐத் தாண்டிப் போகும். ஆகவே சப்வூஃபர் தாங்கும் அளவுக்கு ஒத்த பெருக்கியை வாங்கி, வெட்டுப்படாமல் ஓட்டுவதே நல்லது. சிறு குச்சியால் ஓங்கி அடித்துத் தவிலைக் கிழிப்பானேன்?

தவில் என்றதும் நினைவுக்கு வருகிறது. சப்வூஃபர் வைப்பவனையெல்லாம் இரைச்சல் பித்தன் என்று ஏளனம் செய்யும் கூட்டம் ஒன்று நம் விடுதியிலேயே இருக்கிறது. அவர்களோடு நான் இல்லை. தவிலின் தொப்பியும் பறையின் அடியும் இல்லாமல் தமிழனுக்கு ஏது விழா? இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் பாட்டுக்கு அடியில் தனக்கென்று ஒரு வழி வகுத்துக்கொண்டு நடக்கும். அதன் கடைசித் தந்தியின் அதிர்வெண் 41. கதவில் பதித்த ஐந்தங்குல ஒலிப்பான் அந்தத் தாழ்வுக்கு இறங்காது. போதாக்குறைக்குச் சாலை இரைச்சல். எங்கள் ஊர்ப்பக்கம் வந்திருக்கும் பெங்களூர்–சென்னை விரைவுச்சாலையில் வண்டி வேகம் பிடிக்கையில், சக்கரம் எழுப்பும் இரைச்சலில் தாழ்ந்த ஒலியே மிகுதி. அது பாட்டின் அடித்தளத்தை விழுங்கிவிடுகிறது. இழந்ததை மீட்டுத் தருவதே சப்வூஃபரின் பணி. அதைக் கேட்டு மகிழ்வது குற்றமா? ஆனால் அந்த பேஸ் வழி தெளிவாகக் கேட்க வேண்டுமே. எந்தப் பாட்டு வைத்தாலும் ‘தொம் தொம்’ என்ற ஒரே இடிதான் என்றால் அதற்கு இளையராஜா எதற்கு? உரலும் உலக்கையும் போதும்!

காதைப் பற்றியும் ஒரு சொல். தங்கவயலில் பாறைத் துளைப்பானைப் பிடித்து உழைத்த பெரியவர்களோடு பேசியவர்களுக்குத் தெரியும். குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். அந்தத் துளைப்பானின் இரைச்சல் 100 டெசிபெலை எளிதில் தாண்டும். அமெரிக்கத் தொழில்நலக் கழகம் வகுத்த வரம்பின்படி 85 டெசிபெலை 8 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100-க்கு வந்தால் 15 நிமிடம்தான். அந்த அளவை தாழ்ந்த ஒலியைச் சற்றுக் குறைத்தே மதிக்கிறது என்பது உண்மை. ஆனால் பேஸை ஏற்றியவன் அதற்கு ஈடாக மற்ற ஒலிப்பான்களையும் ஏற்றாமல் இருக்கிறானா? நம் பாட்டன்மார் கூலிக்காகக் காதைக் கொடுத்தார்கள். நாம் தவணையில் பணம் கட்டிக் கொடுக்கிறோம். வண்டிக்கு வெளியே இருப்பவர்களின் நலனுக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் உள்ளன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபெல். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி நூறு மீட்டர் அமைதிப் பகுதி. நள்ளிரவில் கடைத்தெருவில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்துவைத்துப் பாட்டுப் போடும் நண்பர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன்.

மாமன் மகன் அந்த ‘மூவாயிரத்தை’க் கழற்றிவிட்டான். இப்போது அவன் வண்டியில் இருப்பது ஒரே ஒரு பன்னிரண்டங்குலச் சப்வூஃபர், 4 ஓம், 300 வாட்டு. அதற்கொத்த ‘டி’ வகைப் பெருக்கி. மிஞ்சிய பணத்தில் நான்காம் கேஜ் தாமிரக் கம்பியும், பாட்டரி அருகே பியூசும், தடித்த பலகையில் காற்றுப் புகாத பெட்டியும் வாங்கச் செய்தேன். விளக்கு மங்குவதில்லை. “சத்தம் கொறஞ்சிருக்குமோன்னு பயந்தேன் மச்சான், கூடித்தான் இருக்கு” என்கிறான். கூடியிருக்காது, தெளிந்திருக்கிறது. தெளிந்ததைக் கூடியதாகக் காது எடுத்துக்கொண்டது.

நம் மன்றத்தில் மின்னியலும் பௌதிகமும் படிப்போர் குறைவில்லை. விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு மல்ட்டிமீட்டரைக் கொண்டுபோகலாம். தெருவில் நாலு வண்டி நிற்கும். பியூஸ் இருக்கிறதா, கம்பி சுடுகிறதா, எத்தனை ஓம் என்று பார்த்துச் சொல்ல அரைமணி ஆகாது. இதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி அச்சிட்டு மெக்கானிக் கடைகளில் ஒட்டலாம் என்றும் மன்றச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன்.

அந்தப் பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டியது ‘கெயின்’ என்னும் திருகைப் பற்றிய குறிப்பு. பெருக்கியில் உள்ள இந்தத் திருகை ஒலியளவுத் திருகு என்று எண்ணி, வாங்கிய அன்றே வலப்புறம் முழுவதும் திருகிவிடுகிறார்கள். அது ஒலியளவுக்கானதன்று, முன்னாலுள்ள பாட்டுப்பெட்டி தரும் குறிப்பலையின் உயரத்துக்குப் பெருக்கியை இசைவிக்க வைத்தது. வேண்டிய வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 300 வாட்டு, 4 ஓம், பெருக்கினால் 1200, மூலம் ஏறக்குறைய 34.6. சப்வூஃபர்க் கம்பிகளைக் கழற்றிவிட்டு, ‘பேஸ் பூஸ்ட்’ எதுவும் இல்லாமல், கெயினை முழுவதும் இறக்கிவைத்து, பாட்டுப்பெட்டியின் ஒலியளவை முக்கால் பங்கில் நிறுத்தி, 50 அதிர்வெண் ஒலியொன்றை ஓடவிடுங்கள். மல்ட்டிமீட்டரை மாறுமின்னோட்ட வோல்ட்டில் வைத்துப் பெருக்கியின் வெளிவாயில் பிடியுங்கள். கெயினை மெல்லத் திருகி 34.6 வந்ததும் நிறுத்திவிடுங்கள். பாட்டை அணைத்துக் கம்பிகளைத் திரும்ப மாட்டி, தாழ்வடிப்பானை 80-இல் வையுங்கள். பிறகு அந்தக் கெயின் திருகின் மேல் ஒரு துண்டு நாடாவை ஒட்டிவிடுங்கள். அடுத்து வண்டியில் ஏறுகிற நண்பன் கை சும்மா இராது.